பதினொரு புள்ளி

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் நான் போட்ட குறி ஒன்று இங்கிலீஷ் ஆராய்ச்சிப் பத்திரிகையில் படமாக அச்சாகியிருக்கிறது. பத்தாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்கள் இந்த மட்டாஞ்சேரியில் எத்தனையோ பேர். அவர்கள் சம்பந்தப்பட்டது எதுவாவது அச்சாகியிருக்கிறது என்றால் அது கல்யாணப் பத்திரிகைதான்.

படத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். அதன் கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணித் துண்டு. துணியில் கறுப்பாகப் பதினொரு புள்ளி. அந்தப் புள்ளிகளுக்கு என்ன அர்த்தம், எந்த முறைப்படி போட்டது என்று வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய ஆள் கடிதம் எழுதிக் கேட்டாராம். எங்கள் டாக்டரம்மா பதில் எழுதவில்லை. எழுதினால் அவர் நம்பமாட்டார் என்று விட்டுவிட்டார்.

எண்பதுகளின் கடைசியில் டாக்டரம்மா ஓய்வு பெற்றபோது எறணாகுளத்தில் பெரிய கூட்டம் வைத்தார்கள். ரத்தம் ஏற்றுவதிலும் உறுப்பு மாற்றி வைப்பதிலும் இந்தப் பக்கத்திலேயே அவரைப்போல ஆராய்ச்சி செய்தவர் இல்லை என்று ஆளுக்கு அரைமணி நேரம் பேசினார்கள். எல்லாரையும்விட நீளமாகப் பேசியவர் எங்கள் பழைய துறைத் தலைவர். அந்த ஆராய்ச்சிக்குத் தானே அறை கொடுத்ததாகச் சொன்னார். அந்த அறையைப் பிடுங்கப் பார்த்தவர் அவர்தான். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். என் பேரப்பிள்ளைகள் மலையாளம் படித்தவர்கள், தமிழில் திருத்தித் தர வீட்டில் ஆள் கிடையாது. பிழை இருந்தால் அது முழுக்க என்னுடையது. பெருமையும் அப்படியே.

நாங்கள் துணி வெளுக்கிறவர்கள். தாத்தா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொச்சிக்கு வந்துவிட்டோம். மட்டாஞ்சேரியின் கொச்சங்காடியிலும் சுற்றுவட்டாரத்திலும் பெரிய வீட்டுத் துணியெல்லாம் எங்கள் கையில். ஒரு உருப்படி மாறியதில்லை. ஒரு தடவை, என் வேட்டி மாறிவிட்டது என்று ஒரு வியாபாரி சண்டைக்கு வந்தார். அவர் இடுப்பில் இருந்த வேட்டியின் மூலையைத் திருப்பிக் காட்டி, "இது உங்க பங்காளி வீட்டு வேட்டி. மழையில நனைஞ்சு அங்க மாத்திக் கட்டிக்கிட்டீங்க, உங்களுது அங்க கெடக்கு" என்று சொல்லி அனுப்பினேன். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் என்னோடு வேட்டியைப் பற்றிப் பேசியதில்லை.

இதற்கு எழுத்து வேண்டாம். சேங்கொட்டையைக் குத்தினால் கறுப்பாக ஒரு பால் வரும். அதில் குச்சியை முக்கித் துணி மூலையில் கோடும் புள்ளியும் வைத்து, மேலே சுண்ணாம்பு தடவிவிட்டால் துணி நைந்து போனாலும் குறி போகாது. வீட்டுக்கு ஒரு குறி. கொச்சங்காடி ராவுத்தர் வீட்டுக்கு ரெண்டு கோடு, ஒரு புள்ளி. மாமியார் புடவைக்கும் அதுதான், மருமகள் ரவிக்கைக்கும் அதுதான், தொட்டில் துணிக்கும் அதுதான்.

இன்னொன்றும் உண்டு. எந்த வீட்டில் பிரசவம், எந்த வீட்டில் மூன்றாம் மாதம் கலைந்தது என்பது ஊருக்குத் தெரியும் முன்னால் எங்களுக்குத் தெரியும். துணி சொல்லிவிடும். நாங்கள் சொல்லமாட்டோம். வாய் நீண்டால் வாடிக்கை போய்விடும்.

எழுபதுகளில் எறணாகுளத்து ஆஸ்பத்திரி ஒன்றின் விரிப்பு, உறை எல்லாம் எங்களுக்கு வந்தது. மூட்டையைக் காயல் கடக்கிற போட்டில் ஏற்றிக்கொண்டு நான்தான் போவேன். ரத்த வங்கிக்குப் பக்கத்தில் ஒரு பழைய சாமான் அறை. அங்கே குனிந்து கண்ணை வைத்துப் பார்க்கிற ஒரு பூதக்கண்ணாடி, ஒரு குளிர்பெட்டி, நாலு முயல், சீமையில் படித்துவிட்டு வந்த ஒரு டாக்டரம்மா. ஒருநாள் நான் விரிப்பு எடுக்கப் போனபோது அவர் ஐஸ் வாளியைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். கரண்டு போனதால் குழாய்களை ஐஸில் வைத்திருக்கிறார். ஐஸ் உருகிவிட்டது. குழாய்கள் ஒரு பக்கம், அதில் ஒட்டியிருந்த சீட்டுகள் ஒரு பக்கம், தனித்தனியாக மிதந்துகொண்டிருந்தன. எது யாருடைய ரத்தம் என்று இனி அந்த முயலுக்குக்கூடத் தெரியாது.

டாக்டரம்மா பேசுவது மலையாளத்தில். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"டாக்டரே, தண்ணியில காகிதம் நிக்குமா?" என்றேன்.

"பிறகு எது நிற்கும்?"

"என் குறி நிக்கும்."

மறுநாள் சின்னச் சின்னத் துணித் துண்டுகளில் குறி போட்டுக் கொண்டுபோய்க் குழாய்களின் கழுத்தில் கட்டிக் கொடுத்தேன். மூன்று நாள் ஐஸில் போட்டார். ஸ்பிரிட்டில் முக்கினார். வெந்நீரில் போட்டார். கடைசியில் சோப்புப் போட்டுத் தேய்த்தே பார்த்தார். எங்கள் குறியை ஒரு டாக்டர் சோப்புப் போட்டு அழிக்கப் பார்த்தால் எப்படி இருக்கும்? குறி அப்படியே நின்றது.

"எடோ, உனக்கு இங்கே ஜோலி வேணுமா?" என்றார்.

துணியைத் தம்பிமாரிடம் விட்டுவிட்டு நான் விஞ்ஞானத்துக்குப் போனது இப்படித்தான்.

அந்த விஞ்ஞானம் என்ன என்று ரெண்டு வார்த்தையில் சொல்கிறேன். டாக்டர்மார் சொன்னால் ரெண்டு மணி நேரம் ஆகும். ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டால் இன்னொருவருடையதை எடுத்து வைக்கலாம் என்று பெரிய ஊர்களில் அப்போது ஆரம்பித்திருந்தார்கள். வைத்தால் போதாது, உடம்பு அதை ஏற்கவேண்டும். "உன் துணிக் குறி மாதிரிதான்" என்றார் டாக்டரம்மா. "உடம்பின் ஒவ்வொரு உயிரணுவிலும் குறி இருக்கிறது. பாதி அப்பனுடையது, பாதி அம்மாவுடையது. தெரியாத குறி உள்ளே வந்தால் உடம்பு, இது நம்ம வீட்டுத் துணி இல்லை என்று வெளியே எறிந்துவிடும்." எனக்கு உடனே பிடிபட்டது. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இதே பாடத்தை அவர் மூன்று நாள் எடுத்தார். நாலாவது நாளும் எடுக்க வேண்டியிருந்தது.

யாருடைய அணுவில் எந்தக் குறி என்று கண்டுபிடிக்க ஒரு தெளிநீர் வேண்டும். அது கடையில் கிடைக்காது. நிறையப் பிள்ளை பெற்ற பெண்ணின் ரத்தத்திலிருந்துதான் அதை எடுக்கவேண்டும். பிள்ளை என்றால் பாதி புருஷன். வயிற்றில் இருக்கும்போதும் பிரசவத்தின்போதும் அந்தப் புருஷன் பாதி அவள் ரத்தத்தில் கொஞ்சம் கலந்துவிடும். சில பெண்களின் ரத்தம் அதை அந்நியன் என்று கண்டுகொண்டு எதிர்த்து நிற்கப் படை திரட்டி வைத்துக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. அவள் பாட்டுக்குச் சோறு பொங்குவாள், துணி மடிப்பாள். ஆனால் அந்த ரத்தத்தின் தெளிநீரை எடுத்து, அதில் புருஷனுடைய வெள்ளை அணுவைப் போட்டால் கொன்றுவிடும்.

"எல்லாப் பொண்ணுங்களுக்குமா டாக்டரே?"

"இல்லை. சிலருக்கு."

எனக்கு ஆறு பிள்ளை. அன்று வீட்டில் மீன்குழம்பில் உப்பு இல்லை. நான் அதைச் சொல்லவில்லை.

முதலில் எடுத்தது என் வீட்டுக்காரியின் ரத்தம். ஒன்றும் இல்லை என்று வந்தது. அவளிடம் சொன்னேன். "எனக்கு வாயே போதுமே, ரத்தத்துல வேற எதுக்கு?" என்றாள்.

கொன்றதா இல்லையா என்று பார்க்கச் சாயம் விடுவார்கள். ஒரு தட்டில் கடுகளவு குழிகள். குழியில் தெளிநீர் ஒரு துளி, அணு ஒரு துளி, கொல்ல உதவுகிற முயல் ரத்த நீர் ஒரு துளி, பிறகு சாயம். உயிருள்ள அணு சாயத்தை உள்ளே விடாது, பளபளவென்று நிற்கும். செத்த அணு சாயத்தைக் குடித்துக் கறுத்துவிடும். டாக்டரம்மா என்னைப் பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். வாழ்நாளெல்லாம் கறையோடு மல்லுக்கட்டுகிற ஜாதி நாங்கள். உயிரில் கறை ஒட்டாது என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

ஆக, நிறையப் பிள்ளை பெற்ற பெண்கள் வேண்டும். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி முன்வாசலில் சிவப்பு முக்கோணம் போட்ட குடும்பக் கட்டுப்பாட்டுத் தட்டி, ரெண்டு பிள்ளை போதும் என்று. பின்வாசலில் எங்கள் அறை, எட்டுக்குக் குறைந்தவர்களை நாங்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. முன்வாசல்காரர்கள் ஆஸ்பத்திரி ஜீப்பில் போய் வெறுங்கையோடு வருவார்கள். நான் நடந்து போய் ரத்தத்தோடு வருவேன். யார் வீட்டில் எத்தனை பிரசவம் என்று எனக்கு மனப்பாடம். ஊசி போடவும் பழகிக்கொண்டேன். நர்ஸம்மாமாருக்கு அகப்படாத நரம்பு எனக்கு அகப்படும். கொசு கடித்தால்கூடக் கொஞ்சம் வலிக்கும், என் ஊசி வலிக்காது.

புருஷன்மாரோடுதான் பெரும்பாடு. அவர்களுடைய ரத்தமும் வேண்டுமே. ரெண்டு மிளகு மூட்டையைச் சேர்த்துச் சுமக்கிற சேட்டன்மார் ஊசியைப் பார்த்ததும், "இது ஆபரேஷனுக்குப் பிடிக்கிற தந்திரம், எனக்குத் தெரியாதா?" என்று ஓடுவார்கள். ஓடுவதற்கு முன்னால் ரெண்டு கையாலும் எதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள் என்று எழுதவேண்டியதில்லை.

கொச்சங்காடி ராவுத்தர் வீட்டுக்குப் போனது இப்படித்தான். ராவுத்தர் சுக்கு, மிளகு தரகர். தமிழ் பேசுகிற குடும்பம். அவர் மனைவி ராவுத்தரம்மா, பதினொன்று பெற்றவர். கல்யாணமாகி அந்த வீட்டிலேயே இருக்கிற மகன்கள் ரெண்டு பேர். மூத்த மருமகளுக்கு எட்டு, இளைய மருமகளுக்கு ஒன்பது. மாமியாருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை, கடைசிப் பிரசவம் மருமகள்கள் பிரசவத்தோடு சேர்ந்துதான் நடந்தது.

நடையில் நான் உட்கார்ந்தேன். நடுவில் பச்சைத் திரை. "ரெண்டு மருமக்கமார்ல ஒருத்தர் கை நீட்டினாப் போதும்" என்றேன். உள்ளே காலடிச் சத்தம், பாத்திரச் சத்தம். கொஞ்ச நேரம் கழித்துத் திரைக்கு வெளியே ஒரு கை வந்தது. வாடிக்கை வீட்டில் துணியைப் பார், ஆளைப் பார்க்காதே என்று அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். நான் நரம்பை மட்டும் பார்த்தேன். எடுத்தேன். குழாயில் ரெண்டு கோடு, ஒரு புள்ளி கட்டினேன். போட்டைப் பிடித்தேன்.

அந்த நீர் தங்கம். டாக்டரம்மா சேர்த்து வைத்திருந்த பலபேர் அணுக்களில் போட்டுப் பார்த்தார். பத்துக் குறியைக் குழப்பமாகப் பிடிக்கிற நீர்தான் வழக்கமாகக் கிடைக்கும். இது ஒரே ஒரு குறியைப் பிடித்தது, மற்றதைத் தொடவில்லை. அந்தக் குறியைப் பிடிக்கிற நல்ல நீர் வெளிநாட்டிலேயே குறைவு என்றார். பல நாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் தங்கள் நீரைக் கொண்டுவந்து ஒப்பிடுகிற கூட்டம் ஒன்று இருந்தது. கொஞ்சம் அனுப்பினார். பதில் வந்தது: அருமை, கூட்டத்துக்கு முன்னால் அதே பெண்ணின் நீர் இன்னும் கொஞ்சம் அனுப்புங்கள், சரியாக இருந்தால் உங்கள் ஆய்வுக்கூடமும் பட்டியலில் சேரும்.

துறைத் தலைவருக்கு அது பொறுக்கவில்லை. அவர் ஒரு தடவையும் பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்ததில்லை, வைத்தால் முடி கலைந்துவிடும். "பட்டியலில் வந்தால் அறை உங்களுக்கு. வராவிட்டால் முயலை எடுத்துக்கொண்டு காலி செய்யுங்கள்" என்றார். அங்கே அவருடைய பழைய நாற்காலிகளைப் போடவேண்டுமாம்.

மறுபடி போனேன். பச்சைத் திரை, ஒரு கை, ரெண்டு கோடு, ஒரு புள்ளி. டாக்டரம்மா சோதித்தார். அணுவெல்லாம் பளபளவென்று உயிரோடு நின்றன. ஒன்றுகூடச் சாகவில்லை. திரும்பச் சோதித்தார். சாயத்தை மாற்றினார், முயலை மாற்றினார். நின்றன.

துறைத் தலைவர் வாசலில் நின்று, "முதல் தடவை பார்த்தது கண்ணாடியில் ஒட்டின கரியாக இருக்கும். சீமையில் படித்துவிட்டு வந்து அலக்குகாரனை வைத்து ஆராய்ச்சி செய்தால் இப்படித்தான்" என்றார். அலக்குகாரன் என்றால் துணி வெளுக்கிறவன், என்னைத்தான். டாக்டரம்மா சாயப் புட்டியை மூடி வைத்தார். உட்கார்ந்து கடிதம் எழுத ஆரம்பித்தார். தவறு நேர்ந்துவிட்டது, என் நீரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று. ரெண்டு வரி எழுதி நிமிர்ந்தார்.

"எடோ, ரெண்டு தடவையும் அதே பெண்தானே?"

"அதே வீடு டாக்டரே."

"வீட்டைக் கேட்கவில்லை. பெண்ணைக் கேட்டேன்."

நான் துண்டை எடுத்து முயல் கூண்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"குறி வீட்டுக்குத்தானே டாக்டரே போடுவோம்? ஆளுக்குப் போட்டா ஒரு வீட்டுக்கே நூறு குறி வேணுமே."

அவர் எழுந்து வந்து முயல் கூண்டின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இனி என்னை மறுபடி துணி மூட்டைக்கு அனுப்பப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர், "குறி என்று நான்தான் உனக்குப் பாடம் எடுத்தேன். வீட்டுக்கா ஆளுக்கா என்று நானும் கேட்கவில்லை" என்றார். எழுதின கடிதத்தைக் கிழித்தார். "முதல் கை யாருடையது? போய்க் கண்டுபிடி."

போனேன். இதற்குள் அந்த வீட்டு ரத்தம் விமானத்தில் போன செய்தி கொச்சங்காடி முழுக்கப் பரவியிருந்தது. பரப்பியவன் நான்தான்.

"மொத தடவை கை நீட்டினது யாரு?" என்று திரையிடம் கேட்டேன்.

"நான்தான்!" என்றது மூத்த மருமகள் குரல்.

"அல்லாவே, எப்படிப் பொய் வருது பாரு! நான்தான் நீட்டினேன்" என்றது இளையது.

"நீ நீட்டினது ரெண்டாம் தடவை. மொத தடவை நீ மாடியில ஒளிஞ்சிருந்தே!"

"நீங்க எங்க இருந்தீங்களாம்? அடுக்களையில அரிசி மூட்டைக்குப் பின்னாலயா?"

"ரெண்டு பேரும் ஆளுக்கொரு தடவை குடுத்துட்டா தீர்ந்துது" என்றேன்.

அப்போது ராவுத்தரம்மா குரல் வந்தது. "தீராது. யாருன்னு தெரியாம என் வீட்டுப் பொம்பளைங்க கையை எல்லாம் குத்திப் பார்க்க இது என்ன, மாங்காயா? ஆம்பளைங்களைக் கூட்டிட்டுப் போ. புருஷனைக் கொல்ற ரத்தம்னு நீதானே தெருவெல்லாம் சொல்லிட்டு நடக்கிறே? யார் புருஷன் சாகுறான்னு பாரு. அப்பறம் அவ கையை மட்டும் நீட்டச் சொல்றேன்."

டாக்டரம்மாவே யோசிக்காத யோசனை. முதல் நீரில் குழாய் அடியில் ஒட்டினாற்போலக் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

மகன்கள் ரெண்டு பேரையும் மட்டாஞ்சேரி ஜெட்டியில் போட்டில் ஏற்றினேன். வழியெல்லாம் இளையவன், "ரத்தம் மட்டும்தானே? கீழ ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். மூத்தவன் மார்பை நிமிர்த்தி, "ஆம்பளை பேசுற பேச்சா இது?" என்று அவனை அதட்டினான். ஊசியை நான் கையில் எடுத்ததும் அந்த ஆம்பளை கண்ணை மூடிச் சரிந்தான். நானும் இளையவனும் சேர்ந்துதான் தூக்கினோம். மிளகு மூட்டை அதைவிட லேசு.

நீர் போட்டோம், சாயம் விட்டோம். இளையவன் அணு பளபளவென்று நின்றது. மூத்தவன் அணு அத்தனையும் கறுத்துச் செத்துக் கிடந்தது. டாக்டரம்மா சிரித்ததை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

செய்தியோடு போனேன். திரைக்கு அந்தப் பக்கம் மூத்த மருமகள், "நான் அன்னைக்கே சொல்லலை? என் ரத்தம்தான் சீமைக்குப் போச்சு" என்று வீடு அதிரச் சொன்னாள். கூடத்தில் சாயா குடித்துக்கொண்டிருந்த மூத்தவன் மெதுவாக டம்ளரைக் கீழே வைத்தான். அவள் கையை நீட்டினாள். எடுத்தேன். டாக்டரம்மா சோதித்தார்.

ஒன்றும் இல்லை. உயிரோடு நின்றன.

மூத்தவளும் இல்லை, இளையவளும் இல்லை. கூட்டத்துக்கு நீர் அனுப்ப இன்னும் ஒரு வாரம்தான். துறைத் தலைவர் அறையை அளக்க டேப்போடு ஆளை அனுப்பியிருந்தார். அவன் முயல் கூண்டையும் சேர்த்து அளந்தான்.

டாக்டரம்மா காகிதத்தில் ஒரு குடும்பத்தைப் படமாகப் போட்டார். வட்டம், சதுரம், கோடு. பிறகு மூத்தவனுடைய சதுரத்தின்மேல் பென்சிலை வைத்து, "இவனிடம் அந்தக் குறி இருக்கிறது. இவன் அதைக் கடையில் வாங்கவில்லை" என்றார். பென்சில் மேலே போய்த் தகப்பன் சதுரத்தில் நின்றது. "இவரிடமிருந்து வந்திருந்தால், இவனைப் பெற்றவள்..."

நான் கண்ணை மூடி அந்த முதல் கையை நினைத்தேன். முகம் தெரியாது, வளையல் நினைவில்லை. ஆனால் நரம்பு நினைவிருந்தது. இளம் கையில் நரம்பு நின்ற இடத்தில் நிற்கும். அந்த நரம்பு ஊசியைக் கண்டதும் வழுக்கி வழுக்கி நழுவியது. ரெண்டு விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. அது வயசான நரம்பு. இவ்வளவு நரம்பு பார்த்தவன், அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். பிள்ளை பெறுகிற வயசு என்றாலே மருமகள்தான் என்று புத்தியை மூடி வைத்திருந்தேன்.

"ராவுத்தரம்மா" என்றேன்.

"அப்படியென்றால் புருஷனைச் சோதிக்கவேண்டும். ஒரு துளிதான் மிச்சம்" என்றார் டாக்டரம்மா.

ராவுத்தர் பஜாரில் தன் கடையில் சுக்கு மூட்டைகளுக்கு நடுவில் இருந்தார். பெரிய மனுஷர், அதிகம் பேசமாட்டார். சுற்றிலும் ஆள். குனிந்து காதில் சொன்னேன். ஆனால் அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"யார் ரத்தம் யாரைக் கொல்லுது?" என்றார் உரக்க.

தராசு நின்றது. சாக்கு தைக்கிறவன் ஊசியை நிறுத்தினான். வேறு வழியில்லாமல் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். நேராகப் போட்டில் வந்து ஏறினார். ஊசி போட்டபோது கண்ணைக்கூட இமைக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் ஊசிக்குப் பயப்படாத ஆம்பளை அவர் ஒருவர்தான்.

கடைசித் துளியை டாக்டரம்மா குழாயைத் தட்டித் தட்டி இறக்கினார். சாயம் விட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். மையில் முக்கி எடுத்த மாதிரி எல்லாம் கறுப்பு.

மறுநாள் டாக்டரம்மாவே என்னோடு மட்டாஞ்சேரிக்கு வந்தார். நடையில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். ராவுத்தர் ஒரு ஓரமாகச் சாய்ந்திருந்தார். டாக்டரம்மா திரையிடம் விஷயத்தைச் சொன்னார். இந்த நீர் வேறு யாரிடமும் இல்லை, நீங்கள் தராவிட்டால் நான் அறையைக் காலி செய்யவேண்டியதுதான் என்றார். நான் தமிழில் சொன்னேன்.

"உள்ளதுதானா?" என்று ராவுத்தர் கேட்டார்.

"உள்ளதுதான்" என்றது திரை. "ஊசின்னதும் ஒருத்தி மாடிக்கு ஓடினா, ஒருத்தி மூட்டைக்குப் பின்னால போனா. வந்த மனுஷனை வெறுங்கையா அனுப்பறதான்னு நான் நீட்டினேன். அப்பறம் பார்த்தா ரெண்டு பேரும் நான்தான் நான்தான்னு நிக்கறாளுக. எதுவரைக்கும் போறாளுகன்னு பார்த்துட்டிருந்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே ராவுத்தரம்மா?" என்றேன்.

"என்னன்னு சொல்ல? புருஷனைக் கொல்ற ரத்தம்னு நீ ஜெட்டி வரைக்கும் சொல்லி வச்சிருக்கே. பதினொண்ணு பெத்து, இத்தனை வருஷம் அவருக்குக் கஞ்சி வச்சுக் குடுத்துட்டு, அது என் ரத்தம்தான்னு நான் சொல்லணுமா?"

நான் தரையைப் பார்த்தேன். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். ராவுத்தர் தாடியைத் தடவிக்கொண்டார்.

"இத்தனை வருஷம் கொல்லாதவ இனிமேலா கொல்லப் போறா?" என்றார். "நீட்டு. பாவம், அந்தம்மா அறை போயிரும்."

அப்போதும் கை வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது.

"என்ன குறி போடுவே?"

"உங்க வீட்டுக் குறிதான். ரெண்டு கோடு, ஒரு புள்ளி."

"அது வேண்டாம். அது எல்லாருக்கும் போடுறது. மறுபடி அவளுக ரெண்டு பேரும் என்னதுன்னு வந்து நிப்பாளுக. எனக்குத் தனியாப் போடு."

என் அப்பாவும் தாத்தாவும் ஆளுக்குக் குறி போட்டதில்லை. நானும் அதுவரை போட்டதில்லை. சேங்கொட்டைக் குச்சியை எடுத்துக்கொண்டு, "என்ன போடட்டும்?" என்று கேட்டேன்.

"பதினோரு புள்ளி."

துணித் துண்டு என் சுண்டுவிரல் அகலம்தான். டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவருக்கு அந்தத் தமிழ் நன்றாகவே புரிந்திருந்தது, எனக்கு உதவி செய்யும் எண்ணம் இல்லை.

"ராவுத்தரம்மா, குழாய்க் கழுத்துல கட்டுற துணி இது. அத்தனை புள்ளிக்கு எடம் போதாது."

திரை விலகி அந்தக் கை வந்தது. இந்தத் தடவை நரம்பை மட்டும் பார்க்கவில்லை. கை முழுவதையும் பார்த்தேன்.

"எடம் போதலைன்னா துணியைப் பெருசாக் கிழி."

கிழித்தேன்.